வலிப்புள்ள தம்பியை மெல்லிய மின்தூண்டல் ஆய்வில் சேர்க்கலாமா?

தம்பிக்காக (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். என் தம்பிக்கு 26 வயது. 11 வயதிலிருந்து வலிப்பு. அடிவயிற்றிலிருந்து ஏதோ மேலே ஏறுவது போல முதலில் தோன்றும் என்பான். பிறகு கண் நிலைகுத்தும், வாய் எதையோ மெல்வது போல அசையும், ஒரு கை சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டே இருக்கும். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். அப்புறம் அரை மணி நேரத்துக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்பதே அவனுக்குப் பிடிபடாது. எம்ஆர்ஐயில் இடது பக்க ஹிப்போகாம்பஸ் (மூளைக்குள் ஞாபகத்துக்கான பகுதி) சுருங்கித் தழும்பேறி இருப்பதாகச் சொன்னார்கள். மூன்று மருந்துகள் சாப்பிடுகிறான். அப்படியும் மாதத்துக்கு நான்கைந்து தடவை வந்துவிடுகிறது.

போன வாரம் அவனுடைய மருத்துவர் ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னார். உப்புநீரில் நனைத்த இரண்டு பஞ்சுப் பட்டைகளைத் தலையில் வைத்து 2 மில்லியாம்பியர் மின்சாரத்தை 20 நிமிடம் செலுத்துவார்களாம். டிடிசிஎஸ் என்று பெயர். பத்து நாள் தொடர்ந்து போக வேண்டும். சேருகிறவர்களில் பாதிப் பேருக்கு உண்மையான மின்சாரம், மீதிப் பேருக்குப் போலி. யாருக்கு எது என்று ஆய்வு முடியும்வரை சொல்ல மாட்டார்கள்.

தம்பி கேட்டவுடன் சரி என்றுவிட்டான். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. ஏற்கெனவே மின்கோளாறு உள்ள மூளை. அதில் வெளியிலிருந்து மின்சாரம் விட்டால் வலிப்பைக் கிளப்பிவிடாதா? இதனால் பலன் உண்டு என்பதற்கு என்ன ஆதாரம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கசப்பாக இருந்தாலும் உள்ளதை எழுதுங்கள்.

மகளின் அம்மா

இதுவும் மனநலப் பிரிவில் கொடுக்கும் ஷாக் சிகிச்சையும் ஒன்றா? என் மகளுக்கும் மருந்தில் அடங்காத வலிப்பு. "மூளைக்கு மின்சாரம்" என்று படித்ததுமே எனக்கு உடம்பு நடுங்கிவிட்டது.

மின்னியல் ஆசிரியர்

இரண்டும் வேறு வேறு அம்மா. ஷாக் சிகிச்சையில் 800, 900 மில்லியாம்பியர் வரை மின்சாரத்தைத் துடிப்புகளாகக் கொடுத்து, மயக்க நிலையில் வேண்டுமென்றே ஒரு வலிப்பை உண்டாக்குகிறார்கள். இங்கே பேசுவது 1 அல்லது 2 மில்லியாம்பியர். பல நூறு மடங்கு குறைவு. ஆள் விழித்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பட்டைக்குக் கீழே கொஞ்சம் அரிப்பு, ஊசி குத்துவது போன்ற உணர்வு, சில நேரம் தோல் சிவப்பது, பெரும்பாலும் இவ்வளவுதான்.

இவ்வளவு சிறிய மின்சாரம் எந்த நரம்புச் செல்லையும் சுட வைக்காது, அதாவது மின்துடிப்பை அனுப்ப வைக்காது. செல்லின் சவ்வில் எப்போதும் ஒரு மின்னழுத்த வேறுபாடு இருக்கும், அதைக் கொஞ்சம் மேலேயோ கீழேயோ நகர்த்திவிடும், அவ்வளவே. அந்தச் செல் அடுத்த தடவை சுடுவது அதனால் சற்றுச் சுலபமாகலாம், சற்றுக் கடினமாகலாம். ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் நிட்ஷே, பவுலஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2000-ல் வெளியிட்ட ஆய்வுதான் இந்தத் துறையை மறுபடி உயிர்ப்பித்தது. நேர்முனையைக் கைகால் அசைவுக்கான புறணி (மூளையின் மேலடுக்கு) மேல் வைத்தால் அந்த இடம் எளிதில் தூண்டப்படுகிறது, எதிர்முனையை வைத்தால் அடங்குகிறது என்று அவர்கள் காட்டினார்கள். பத்து நிமிடம் போலத் தூண்டினால், நிறுத்திய பிறகும் ஒரு மணி நேரம் வரை அந்த மாற்றம் நிற்கும் என்பதையும் அடுத்த ஆண்டுகளில் கண்டார்கள். வலிப்புக்கு ஏன் எதிர்முனையைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதற்குக் காரணம் இதுதான். மிதமிஞ்சித் துள்ளுகிற இடத்தைக் கொஞ்சம் அமர்த்திப் பார்க்கலாமே என்ற எண்ணம்.

ஆனால் மின்சாரம் ஒரு முனையில் மட்டும் நிற்காது. எதிர்முனை ஓரிடத்தில் இருந்தால் நேர்முனையும் எங்காவது இருந்தே ஆக வேண்டும். அதைத் தவறான இடத்தில் வைத்தால் அங்கே தூண்டல் கூடும். தம்பியின் ஆய்வில் முனைகளை எங்கே வைப்பது என்பதை எதை வைத்து முடிவு செய்கிறார்கள் என்று கட்டாயம் கேளுங்கள். அவருடைய சொந்த இஇஜியை (மூளையின் மின்னலைப் பதிவை) பார்த்து வைக்கிறார்களா, எல்லாருக்கும் ஒரே இடமா?

இன்னொன்று. தலைத்தோலும் மண்டையோடும் மின்சாரத்தில் பெரும்பகுதியை மூளைக்குப் போகவிடாமல் வெளியிலேயே திருப்பிவிடுகின்றன. 2018-ல் இறந்தவர்களின் உடலில் அளந்து பார்த்த ஓர் ஆய்வு, ஏறக்குறைய 75% அப்படியே போய்விடுகிறது என்றது. மீதி மூளையில் உண்டாக்கும் மின்புலம் ஒரு மீட்டருக்கு 1 வோல்ட் அளவுக்கும் குறைவு. இதனால் எதுவும் நடக்காது என்று வாதிடும் விஞ்ஞானிகளும் இருக்கிறார்கள். நான் அவர்களை ஒதுக்கிவிட மாட்டேன். ஆனால் ஆய்வகத்தில் மூளைத் திசுத் துண்டுகளை வைத்துச் செய்த சோதனைகளில் மிக மெல்லிய மின்புலம்கூடச் செல்கள் சுடும் நேரத்தை மாற்றுவது தெரிகிறது. ஏற்கெனவே சுடத் தயாராக நிற்கும் செல்களிடம் சின்ன அசைவுக்கும் மதிப்பு இருக்கத்தானே செய்யும்?

இஇஜி அறை

நான் இஇஜி பதிவு செய்யும் வேலையில் இருக்கிறேன். நான் பார்த்த ஒரு விஷயத்தை இங்கே எழுதியே ஆக வேண்டும்.

வலிப்பு வராத நேரத்திலும் இவர்களின் இஇஜியில் கூரான அலைகள் வந்து வந்து போகும். நாங்கள் ஸ்பைக் என்போம். இந்தத் துறையில் அடிக்கடி பேசப்படும் ஆய்வு ஃப்ரெக்னி குழு 2006-ல் வெளியிட்டது. மூளைப் புறணி பிறவியிலேயே சரியாக உருவாகாததால் மருந்துக்கு அடங்காத வலிப்புள்ள 19 பேர். 1 மில்லியாம்பியர், 20 நிமிடம், ஒரே ஒரு தடவை. உண்மையான தூண்டல் பெற்றவர்களுக்கு ஸ்பைக் சராசரியாக 64.3% குறைந்தது. கேட்டதும் மனம் துள்ளும். ஆனால் வலிப்பின் எண்ணிக்கையைப் பாருங்கள். 44% குறைந்தது என்றாலும் அது தற்செயலாக வந்திருக்கலாம் என்ற சந்தேகத்தை அந்த 19 பேரை வைத்து முழுதாக நீக்க முடியவில்லை.

2013-ல் தாய்லாந்தில் 36 குழந்தைகளிடம் செய்தார்கள். ஸ்பைக் உடனே குறைந்தது, 48 மணி நேரம் வரை குறைந்தே இருந்தது. நான்கு வாரம் கழித்து வலிப்பை எண்ணினால், கணக்கில் வித்தியாசம் தெரிந்தது, வாழ்க்கையில் தெரியாத அளவு. தூக்கத்தில் ஸ்பைக் ஓயாமல் வரும் வகை வலிப்புள்ள 5 குழந்தைகளிடம் 2011-ல் செய்த சிறிய ஆய்வில் ஸ்பைக்கே குறையவில்லை.

ஸ்பைக் குறைந்தால் வலிப்பும் குறையும் என்று எண்ணிவிடாதீர்கள். என் திரையில் ஒரு மணி நேரம் ஒரு ஸ்பைக்கூட இல்லாமல் சுத்தமாக இருந்தவருக்கு, பதிவு முடிந்து கம்பிகளைக் கழற்றும்போது வலிப்பு வந்ததைப் பார்த்திருக்கிறேன். ஸ்பைக்காக வந்துகொண்டே இருப்பவர் மாதக்கணக்கில் வலிப்பில்லாமல் இருப்பதையும் பார்த்திருக்கிறேன். உங்கள் தம்பியைக் கீழே தள்ளுவது ஸ்பைக் இல்லை, வலிப்பு. எதை எண்ணிப் பலன் சொல்லப் போகிறார்கள் என்று கேளுங்கள்.

தம்பிக்காக

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. மருத்துவர் கொடுத்த தாளை மறுபடி எடுத்துப் படித்தேன். முதன்மையாக வலிப்பின் எண்ணிக்கையைத்தான் பார்ப்பதாகப் போட்டிருக்கிறது, இஇஜி இரண்டாவது. முனை வைக்கும் இடம் அவரவர் இஇஜியைப் பொறுத்து. கொஞ்சம் நிம்மதி. தம்பிக்கு இருப்பது போல ஹிப்போகாம்பஸ் தழும்பு உள்ளவர்களிடம் செய்திருக்கிறார்களா?

நரம்பியல் முதுநிலை மாணவர்

செய்திருக்கிறார்கள் அக்கா. துருக்கியில் 2016-ல் 12 பேர். 2 மில்லியாம்பியர், 30 நிமிடம், மூன்று நாள். ஒவ்வொருவரும் உண்மையான தூண்டலையும் போலியையும் வேறு வேறு சமயத்தில் பெற்றார்கள். 10 பேருக்கு வலிப்பு பாதிக்கு மேல் குறைந்தது. மெக்சிகோவில் 2017-ல் 28 பேர். மூன்று நாள் அல்லது ஐந்து நாள் தூண்டல் பெற்றவர்களுக்கு இரண்டு மாதத்தில் சராசரியாகப் பாதியளவு குறைந்தது, போலி பெற்றவர்களுக்கு 6% அளவே. ஹிப்போகாம்பஸ் மூளையின் உள்ளே ஆழத்தில் இருக்கிறது, தலைக்கு மேலே வைத்த மின்சாரம் அங்கே நேரடியாகப் போய்ச் சேர்வது கடினம். அப்படியும் பலன் தெரிந்திருப்பதால், அதோடு பின்னியிருக்கும் வெளிப்புறணியை அமர்த்துவதன் வழியாக அது நடக்கலாம் என்கிறார்கள்.

எனக்கு இந்த முடிவுகள் உற்சாகம் தருகின்றன. ஆனால் 12 பேர், 28 பேர் என்பது ஒரு சிகிச்சையை எல்லாருக்கும் எழுதிக்கொடுக்கப் போதாது. ஒவ்வொரு குழுவும் வேறு வேறு நேரம், வேறு வேறு நாள்கணக்கு, வேறு வேறு முனை இடம். அதனால்தான் உங்கள் மருத்துவரும் இதைச் சிகிச்சை என்று சொல்லாமல் ஆய்வு என்கிறார். சரியாகவே சொல்லியிருக்கிறார்.

வலிப்பைக் கிளப்பிவிடுமா என்று கேட்டிருந்தீர்கள். 2016-ல் ஒரு பெரிய தொகுப்பு வந்தது. எல்லா வகை நோயாளிகளையும் நலமானவர்களையும் சேர்த்து 33,200-க்கும் மேற்பட்ட அமர்வுகள். வழக்கமான அளவுக்குள் கொடுத்தபோது கடுமையான பாதிப்பு ஒன்றும் பதிவாகவில்லை. தனி ஒருவரைப் பற்றிய அறிக்கை ஒன்று 2015-ல் வந்தது. மூளைவாதம் உள்ள 4 வயதுக் குழந்தைக்கு, கைகால் பலத்துக்காகத் தூண்டும் முனை வைத்துக் கொடுத்தபோது, சில மணி நேரம் கழித்து வலிப்பு வந்தது. அந்தச் சமயத்தில் குழந்தையின் மருந்துகளும் மாறியிருந்தன. எது காரணம் என்று பிரித்துச் சொல்ல முடியாது. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது: ஆய்வு நடக்கும்போது தம்பியின் மருந்தில் ஒரு மாத்திரைகூட மாறக் கூடாது. அமர்வின்போது வலிப்பு வந்தால் கையாளத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் கொடுத்தும் அடங்காவிட்டால் அதை மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு என்று 2010-லேயே உலக வலிப்பு எதிர்ப்புச் சங்கம் வரையறுத்துவிட்டது. உங்கள் தம்பி மூன்றில் இருக்கிறார். ஒரு பக்க ஹிப்போகாம்பஸ் தழும்பு என்பது அறுவைச் சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படும் வகை. கனடாவில் 80 பேரிடம் செய்து 2001-ல் வெளியான ஆய்வில், அறுவைக்கு அனுப்பப்பட்டவர்களில் 58% பேர் ஒரு வருடத்தில் நினைவு தப்பும் வலிப்பு இல்லாமல் இருந்தார்கள். மருந்தோடு மட்டும் இருந்தவர்களில் 8%. அறுவை பற்றி யாராவது பேசினார்களா?

தம்பிக்காக

மூன்று வருடம் முன்பு பேசினார்கள். இடது பக்கம் என்பதால் பேச்சும் ஞாபகமும் பாதிக்கப்படலாம் என்றார்கள். அவன் ஆசிரியர் பயிற்சியில் இருந்தான். "சொல் மறந்துபோகிற வாத்தியார் யாருக்கு வேண்டும்" என்று அழுதான். அதோடு அந்தப் பேச்சை வீட்டில் யாரும் எடுக்கவில்லை. இந்த ஆய்வு வந்ததும் அவன் முகம் மலர்ந்ததே, அறுவை இல்லாமல் தப்பிக்க ஒரு வழி என்று நினைத்துத்தான்.

நரம்பியல் முதுநிலை மாணவர்

அவருடைய பயம் நியாயமானது. பேச்சு எந்தப் பக்கம் இருக்கிறது, ஞாபகம் எவ்வளவு தாங்கும் என்று அறுவைக்கு முன்பே சோதித்துப் பார்ப்பார்கள். சோதனைக்குப் போனால் அறுவை செய்தே ஆக வேண்டும் என்றில்லை. ஆய்வில் சேரட்டும், ஆனால் அதைக் காரணம் காட்டி இந்தச் சோதனையை இன்னும் மூன்று வருடம் தள்ளிப்போடாதீர்கள். என்னைக் கவலைப்பட வைப்பது மின்சாரம் இல்லை அக்கா, அந்தத் தள்ளிப்போடுதல்தான்.

பழைய பங்கேற்பாளர்

இதைப் போன்ற ஓர் ஆய்வில் நான் இருந்தேன். எங்கே என்று சொல்லவில்லை.

முதல் நாள் பட்டையைக் கட்டியதும் தலையில் எறும்பு ஊர்ந்தது போல இருந்தது. அரை நிமிடத்தில் அடங்கிவிட்டது. பழகிவிட்டது போல என்று நினைத்தேன். அடுத்த இரண்டு மாதம் எனக்கு வலிப்பு பாதியாகக் குறைந்தது. பல வருடம் கழித்துத் தனியாக நடந்து வெளியே போனேன். அம்மாவிடம் "எனக்கு உண்மையான கரண்ட்தான் வந்திருக்கு" என்று அடித்துச் சொன்னேன். மூன்றாவது மாதம் பழையபடி ஆகிவிட்டது.

ஆய்வு முடிந்து, நாலைந்து தடவை கேட்டபிறகு, தாமதமாகத்தான் சொன்னார்கள். நான் போலிக் குழுவில் இருந்தேன்.

அன்றைக்கு என்னை நானே ஏமாற்றிக்கொண்டது போல வெட்கமாக இருந்தது. இப்போது இல்லை. அந்த இரண்டு மாதம் எனக்கு உண்மையாகவே குறைவாக வந்தது. அதற்குக் காரணம் மின்சாரம் இல்லை, அவ்வளவுதான். உங்கள் தம்பியிடம் இதை முன்பே சொல்லிவையுங்கள் சகோதரி. எனக்கு யாரும் சொல்லவில்லை.

இஇஜி அறை

மேலே எழுதிய நண்பருக்கு என் வணக்கம். இதைப் பொதுவில் சொல்ல மனத்திடம் வேண்டும்.

வலிப்பு ஒரே சீராக வருவதில்லை. சில மாதம் கொட்டும், சில மாதம் தணியும். மிக மோசமான காலத்தில்தான் மக்கள் ஆய்வில் சேருகிறார்கள். அதற்கப்புறம் எதுவும் செய்யாவிட்டாலும் எண்ணிக்கை தன் வழக்கமான அளவுக்கு இறங்கும். கூடவே தூக்கம், நேரத்துக்கு மருந்து, கவனிப்பு எல்லாம் ஆய்வுக் காலத்தில் ஒழுங்காகிவிடும். போலிக் குழு இல்லையென்றால் இந்தப் பெருமை எல்லாம் மின்சாரத்துக்குப் போய்விடும். நண்பர் சொன்ன அந்த அரை நிமிட ஊர்தல்கூடப் போலியின் ஒரு பகுதிதான். மின்சாரத்தை மெதுவாக ஏற்றி, தோலில் உணர்வு வந்ததும் இறக்கிவிடுவார்கள்.

எண்ணிக்கையே எவ்வளவு நம்பகமானது என்பது அடுத்த கேள்வி. ஜெர்மனியில் 2007-ல் வெளியான ஆய்வில், வீடியோ இஇஜி வார்டில் (கேமராவும் இஇஜியும் சேர்ந்து பதிவு செய்யும் இடம்) இருந்த 91 பேரிடம் வலிப்பு வந்தால் குறித்துவைக்கச் சொன்னார்கள். பதிவான 582 வலிப்புகளில் 55% அளவுக்கு அவர்கள் குறிக்கவே இல்லை. தூக்கத்தில் வந்தவற்றில் 85%க்கு மேல் விட்டுப்போனது. சோம்பல் காரணம் இல்லை. வலிப்பு தன்னைப் பற்றிய நினைவையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. மாதம் நான்கைந்து என்கிறீர்களே, அது தம்பி சொன்ன கணக்கா, நீங்கள் பார்த்த கணக்கா?

தம்பிக்காக

அவன் சொன்ன கணக்கு.

பொறுமையில்லாதவன்

இந்த ஆய்வு எதுவும் எங்கள் ஊர்ப்பக்கம் நடக்கவில்லை. இதே கருவி இணையத்தில் விற்கிறதே. 9 வோல்ட் பேட்டரி, இரண்டு பஞ்சு. அண்ணனுக்கு வாங்கி வீட்டிலேயே வைத்துப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். இழப்பதற்கு என்ன இருக்கிறது?

மின்னியல் ஆசிரியர்

தயவுசெய்து வேண்டாம் தம்பி. நான் கெஞ்சிக் கேட்கிறேன். பஞ்சு காய்ந்துவிட்டாலோ ஓரம் தூக்கிக்கொண்டாலோ மின்சாரம் முழுதும் ஒரு புள்ளியில் குவிந்து தோல் வெந்துபோகும். இரண்டு முனையும் இடம் மாறிவிட்டால், அடக்க வேண்டிய இடத்தைத் தூண்டிவிட்டுக்கொண்டிருப்பீர்கள். அண்ணனுக்கு முன்பு தலையில் அறுவை ஏதாவது நடந்திருந்தால் மண்டையோட்டில் உள்ள துளை வழியாக மின்சாரம் பாய்ந்து கணக்கே மாறிவிடும்.

நரம்பியல் முதுநிலை மாணவர்

2016-ல் இந்தத் துறையின் ஆய்வாளர்கள் 39 பேர் சேர்ந்து, வீட்டில் தாங்களே செய்துகொள்பவர்களுக்கு வெளிப்படையாக ஒரு கடிதம் எழுதினார்கள். ஓரிடத்தில் வைத்தால் அங்கே மட்டும் மாற்றம் நிற்காது, ஒருவருக்குச் செய்தது மற்றவருக்கு நேர்மாறாகச் செய்யலாம் என்பது அதன் சாரம். நலமானவர்களையே அப்படி எச்சரித்தார்கள். உங்கள் அண்ணனுக்கு எத்தனை மருந்து முயன்றிருக்கிறீர்கள், வீடியோ இஇஜி எடுத்தாயிற்றா என்று இங்கேயே எழுதுங்கள். ஆய்வு மட்டும்தான் வழி என்றில்லை. கழுத்து நரம்பில் பொருத்தும் தூண்டி 1997-லிருந்து அனுமதி பெற்று அமெரிக்காவில் பயன்பாட்டில் இருக்கிறது. மூளையின் ஆழத்தில் உள்ள தலாமஸ் என்ற பகுதியில் பொருத்துவதை 110 பேரிடம் சோதித்து 2010-ல் முடிவு வெளியிட்டார்கள். அவையெல்லாம் உள்ளே வைப்பவை, அறுவை வேண்டும். ஆனால் அவற்றின் பலனை வருடக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள்.

பொறுமையில்லாதவன்

இரண்டு மருந்துதான் முயன்றிருக்கிறோம். வீடியோ இஇஜி எடுக்கவில்லை. கருவி வாங்கவில்லை, விட்டுவிட்டேன். அண்ணன் நேற்றுப் படியில் விழுந்துவிட்டான், அந்த வேகத்தில் எழுதிவிட்டேன்.

மகளின் அம்மா

அண்ணனுக்கு அடி ஒன்றும் இல்லையே? படிக்கட்டில் ஏறும்போது கூடவே போங்கள் தம்பி.

நான் ஒன்று கேட்கலாமா? என் மகளுக்கு வலிப்பைவிட மனச்சோர்வுதான் அதிகக் கஷ்டம் கொடுக்கிறது. அதற்கு இந்தத் தூண்டல் உதவுமா?

நரம்பியல் முதுநிலை மாணவர்

நல்ல கேள்வி அம்மா. 2016-ல் அமெரிக்காவில் 37 பேரிடம் பார்த்தார்கள். எல்லாரும் பொட்டு மடலில் (காதுப்பக்க மூளைப் பகுதியில்) வலிப்புள்ளவர்கள், வலிப்பு ஓரளவு கட்டுக்குள் இருந்தவர்கள். இடது முன்மூளை மேல் தூண்டும் முனை, ஐந்து நாள். மனச்சோர்வு கொஞ்சம் குறைந்தது, ஆனால் நீடிக்கவில்லை. ஞாபகம் மாறவில்லை. தூண்டும் முனையை வைத்தும் வலிப்பு கூடவில்லை என்பதுதான் எனக்கு அதில் பிடித்த செய்தி. மகளின் மனச்சோர்வை மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள். சில வலிப்பு மருந்துகளே மனநிலையைக் கீழே இழுக்கும், லெவெடிரசெட்டம் அதில் ஒன்று. நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று நிறுத்துவது ஆபத்து.

தம்பிக்காக

இன்று தம்பியும் நானும் மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்தோம். இந்த இழையை அச்சிட்டு எடுத்துப் போனேன். நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் பதிவு எண்ணும் காட்டினார். போலிக் குழுவில் இருந்தவர்கள் விரும்பினால் முடிந்தபின் உண்மையான தூண்டல் பெறலாமாம். யார் எந்தக் குழுவில் இருந்தார்கள் என்பதை எழுத்தில் தெரிவிப்போம் என்றார். பழைய பங்கேற்பாளர் அவர்களே, அந்தக் கேள்வியை உங்களுக்காகவே கேட்டேன்.

தூண்டலுக்கு முன் எட்டு வாரம் குறிப்பேடு எழுதியே ஆக வேண்டும். அந்த எட்டு வாரத்துக்குள் வீடியோ இஇஜிக்கும் ஞாபகச் சோதனைக்கும் நாள் வாங்கிவிட்டோம். தம்பியே ஒப்புக்கொண்டான். மீதியை அவனே எழுதுகிறேன் என்கிறான்.

தம்பிக்காக (தம்பி எழுதுவது)

எல்லாருக்கும் வணக்கம். அக்கா இந்த இழையை எனக்கு முழுதும் படித்துக் காட்டினாள். போலிக் குழுவில் இருந்த அண்ணா எழுதியதை மட்டும் நானே மூன்று தடவை படித்தேன். போலி வந்தாலும் போகிறேன் அண்ணா. 28 பேரை 29 ஆக்கலாம் இல்லையா?

அறுவைக்கு இன்னும் சம்மதிக்கவில்லை. சோதனைக்கு மட்டும்தான்.

குறிப்பேடு இரண்டு வைத்திருக்கிறோம், எனக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று. ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்கக் கூடாது என்று பேசிக்கொண்டோம். முதல் வாரம் முடிந்து நேற்று ஒப்பிட்டோம். என்னுடையதில் ஒன்று இருந்தது, செவ்வாய் மதியம். அக்காவுடையதில் அதோடு இன்னும் இரண்டு. ஒன்று வியாழன் இரவு 2:10, "எழுந்து உட்கார்ந்தான், பொத்தானைத் தடவினான், தண்ணீர் கொடுத்தேன், குடித்துவிட்டுப் படுத்தான்" என்று எழுதியிருக்கிறாள். தண்ணீர் குடித்தது எனக்குத் தெரியவே தெரியாது.